பின்சீட்டில் இருப்பவருக்கான டயர்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

ஆயுத பூஜை அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு உங்கள் முன்னால் நிறுத்தி, "பசங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுய்யா" என்றார். நான் பொரித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீங்கள் சிரித்தது காதில் விழுந்தது. நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்துதான், ஆனாலும் எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை.

முட்டி தேய்ந்துபோய் நான் வேலையை விட்டவன். டயரைக் கழற்றுவது, மாட்டுவது, பேலன்ஸ் பார்ப்பது எல்லாம் உங்கள் கையே கற்றுக்கொண்டுவிடும். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வண்டிக்கு எந்த டயர் என்று முடிவு செய்வது வேறு வேலை. அதை நம் முதலாளி செய்து நான் பார்த்திருக்கிறேன். ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்த வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது ஒரு சனிக்கிழமை. செங்கம் சாலையில் நம் கடை வாசலில் கருநீலத்தில் நீளமான வெளிநாட்டு கார் ஒன்று வந்து நின்றது. பழைய வண்டிதான், ஆனால் ஒரு காலத்தில் பெரிய பணக்காரர்கள் வைத்திருந்த வகை. உள்ளே மரப்பலகை, தோல் சீட்டு. அதிலிருந்து வேட்டி கட்டிய ஒருவர் இறங்கினார். எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். செங்கம் வழித்தடத்தில் பல வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு நம் கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி.

எதிரே டீக்கடையில் இருந்த ஒருவர் சும்மா இருக்கவில்லை. "இன்னா டிரைவரே, பஸ்ஸை வித்துட்டு பல்லக்கு வாங்கிட்டியா?"

"உனக்கு இன்னாடா வயித்தெரிச்சல்? வேணும்னா புட்போர்டுல தொங்கிக்க" என்றார் அவர். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நாலு டயரும் மாத்தணும் மொதலாளி. இதே டயரு, இதே மாடல். காத்து போனாலும் ஓடுமே, அது."

அந்த வகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரன்ஃப்ளாட். பக்கச் சுவரைத் தடியாகச் செய்திருப்பார்கள். பஞ்சராகி முழுக்கக் காற்று இறங்கினாலும் ஒரு ஊர் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம். அதனாலேயே அந்த வண்டிகளில் ஸ்டெப்னியே வைக்க மாட்டார்கள். டிக்கியைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மடக்கி வைத்திருந்தது, ஸ்டெப்னி இல்லை. டயர்களில் தரையைப் பிடிக்கிற பட்டன் இன்னும் மிச்சம் இருந்தாலும், பக்கமெல்லாம் வெடிப்பு. மாற்றத்தான் வேண்டும்.

நம் குடோனில் அதே அளவில், அதே வகையில், நாலு டயர் ரொம்ப நாளாகக் கிடந்தது. ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் வரவழைத்துவிட்டு, வண்டியில் மாட்டாமலே ஊருக்குப் போய்விட்டார். நல்ல டயர்கள். ஆனால் இந்த ஊரில் அந்த அளவுக்கு யார் வருவார்கள்? "அதை யார் தலையிலாவது கட்டுங்கடா" என்று முதலாளியே சொல்லிக்கொண்டிருந்தார். நான் சந்தோஷமாக உருட்டிக்கொண்டு வந்தேன். டிரைவர் பார்த்துவிட்டு, "இதேதான், இதேதான்" என்று தொடையில் தட்டினார்.

முதலாளி டயரைப் பார்க்கவில்லை. காரின் பின்கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே ஒரு அம்மா முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டிரைவரின் மனைவி. செங்கம் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"டீச்சர் இறங்கலியா?" என்று கேட்டார் முதலாளி.

"டீச்சருக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன் ஆயிருக்கு மொதலாளி. இறங்கினா ஏறணும் இல்ல?" டிரைவர் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் ஓட்டிய பஸ்ஸில் தினமும் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர் அந்த அம்மா. கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

கண்ணாடி இறங்கியது. டீச்சரே பேசினார். குரல் மெல்லிசு, ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி ஒரு தெளிவு.

"திங்கக்கெழமை ஸ்கூல்ல ஜாயின் பண்ணணும். லீவு முடிஞ்சிடுச்சு. பஸ்ல போக முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்காகத்தான் இவரு இந்த வண்டிய வாங்கினாரு. ஆனா இதுலயும் வலி தாங்கல. டயர் மாத்தினா சரியாயிடும்னு சொல்றாரு. மாத்தியும் முடியலன்னா நான் வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துடறேன்."

விருப்ப ஓய்வு. சொல்லிவிட்டு அந்த அம்மா வேறு பக்கம் பார்த்தார். டிரைவர் துண்டை எடுத்துத் துடைக்க ஒன்றுமில்லாத பானெட்டைத் துடைத்தார்.

தம்பிகளே, இந்த இடத்தில் நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன்: கேட்ட டயர் கையில் இருக்கிறது, நாளை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நகராது, திங்கட்கிழமை அவர்கள் போயாக வேண்டும். மாட்டி அனுப்பிவிடுவேன். அதில் யாரும் குறை சொல்லவும் முடியாது. வண்டி செய்த கம்பெனியே போட்ட வகைதானே.

முதலாளி அப்படிச் செய்யவில்லை. "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கத்துல கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார். டிரைவரை ஓட்டச் சொன்னார். என்னை முன்னால் ஏறச் சொன்னார்.

இது அவருடைய வழக்கம். நீங்களும் பார்ப்பீர்கள். டயர் கேட்டு வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பவராக இருப்பார். அந்த டயர் யாருக்காகவோ அவர் வேறு சீட்டில் இருப்பார். முதலாளி எப்போதும் அந்த இன்னொரு சீட்டில்தான் போய் உட்காருவார்.

"எங்க வலிக்குதோ அங்க 'இப்ப'ன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். பல்லக் கடிச்சிட்டு இருக்கக் கூடாது."

ஆசிரமம் தாண்டி வண்டி போனது. வேகத்தடை வந்தது. டிரைவர் பஸ்ஸில் பழகிய கையால் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல ஏற்றி இறக்கினார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பள்ளம். அதற்கும் ஒன்றும் இல்லை. பிறகு நல்ல சாலை வந்தது. நான் மனதுக்குள், இனி நிம்மதி என்று நினைத்தேன்.

"இப்ப" என்றார் டீச்சர். கொஞ்சம் போனதும், "இப்ப." பாலத்தின் இணைப்பில், "இப்ப." சாலையில் ஒட்டுப் போட்ட இடத்தில், நடுவில் பதித்திருந்த ஒளிரும் கட்டைகளில், "இப்ப, இப்ப, இப்ப."

"பாத்தீங்களா," என்றார் முதலாளியிடம். "நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். மேடு பள்ளத்துல வலிக்கல. நல்ல ரோட்டுலதான் வலிக்குது. சொன்னா இவரு சிரிக்கிறாரு."

முதலாளி சிரிக்கவில்லை. அந்த அம்மாவை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. எங்கள் தொழிலில் அதை அப்படிப் பிரித்துச் சொல்கிற வாடிக்கையாளரை நாங்கள் பார்த்ததே இல்லை. எல்லோரும் 'வண்டி தூக்கிப் போடுது' என்று மட்டும்தான் சொல்வார்கள். பெரிய மேட்டை ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்ளும். சின்னச் சின்னக் குத்தலை டயர்தான் வாங்க வேண்டும். தடித்த சுவருள்ள டயர் வாங்காமல் அப்படியே மேலே அனுப்பிவிடும். அந்த அம்மா வலியோடு உட்கார்ந்து, தானே பாதிக் கணக்கைப் போட்டு வைத்திருந்தார்.

திரும்பி வந்ததும் முதலாளி காற்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கல்லாக இருந்தது.

"யாருண்ணா இவ்ளோ ஜாஸ்தி அடிச்சது?" என்று கேட்டார் முதலாளி.

"நான்தான். டயருன்னா டங்குன்னு சத்தம் வரணும்" என்று காலால் உதைத்துக் காட்டினார் டிரைவர்.

"அது பஸ்ஸுக்குண்ணா. அறுபது பேர் ஏறுவாங்க. இதுல ஏறுறது டீச்சரும் டீச்சரோட டிபன் பாக்ஸும்."

கதவோரம் கம்பெனி ஒட்டியிருந்த சீட்டில் உள்ள அளவுக்குக் காற்றைக் குறைத்து மறுபடி ஒரு சுற்று போய் வந்தோம். 'இப்ப' கொஞ்சம் கம்மியானது. நிற்கவில்லை. அந்த அம்மாவின் நெற்றி வியர்த்திருந்தது.

முதலாளி குடோன் டயர்களைக் காட்டி என்னிடம், "உள்ள கொண்டு போய் வை" என்றார். பிறகு டிரைவரிடம், "இது நல்ல டயருண்ணா. ஆனா உங்களுக்கு இல்ல. சாதாரண டயர் போடலாம். சுவர் மெலிசா, சத்தம் கம்மியா, நம்ம தினப்படி ஓட்டத்துக்குன்னே செய்யறது. அளவு இதே அளவு. பாரம் தாங்குற நம்பர்ல கம்மி பண்ண மாட்டேன்."

டிரைவரின் முகம் மாறியது. "பஞ்சரானா?"

"ஸ்டெப்னி வெச்சிக்கலாம்."

"மொதலாளி, நான் சர்வீஸ்ல இருந்தவரைக்கும் ஒரு பாசஞ்சரைக் கூட நடுரோட்டுல எறக்கி விட்டதில்ல. இவங்களை எறக்கி விடுவேனா? ஆளில்லாத எடத்துல வண்டி நின்னா, வேற வண்டியில தூக்கி ஏத்த முடியுமா? குனிய முடியாது, திரும்ப முடியாது. போய்ச் சேர்ற டயருதான் எனக்கு வேணும்." கொஞ்சம் யோசித்து, "சரி, முன்னால ரெண்டு சாதா போடு. பின்னால ரெண்டு அது போடு" என்றார்.

"அது மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. மழையில பிரேக் புடிச்சா முன்னாடி ஒரு பக்கம் போவும், பின்னாடி ஒரு பக்கம் போவும். நாலும் ஒண்ணா இருக்கணும்."

தம்பிகளே, இதைக் கவனியுங்கள். இருவரில் யாரும் தப்பாகப் பேசவில்லை. பயத்தில் பேசுகிறவரிடம் டயரின் சுவரைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் ஏறாது. முதலாளி விளக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, அந்த டயர யாருக்காகச் செஞ்சாங்க தெரியுமா? வீல் மாத்தத் தெரியாதவங்களுக்கு. நீங்க எத்தனை பஸ் வீல் கழட்டி மாட்டியிருப்பீங்க?"

காருக்குள் இருந்து டீச்சர் சொன்னார்: "மாத்திக் காட்டுங்க, டிரைவர் சார்."

"இப்பவா?"

"பின்ன, சர்ப்ரைஸ் டெஸ்ட்டுக்கு டேட் குடுத்தா வெப்பாங்க? நானும் எறங்கிக் காட்டறேன். அதையும் பாத்துடலாம்."

நான் உதவப் போனேன். டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கதவைப் பிடித்து, முதலில் ஒரு காலை வைத்து, மூச்சை இழுத்து, தானாக இறங்கினார். டிக்கியில் இருந்த நாற்காலியை நான் விரித்துப் போட்டேன். உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ம், ஆரம்பிங்க."

டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஜாக்கியை வைத்தார். எங்கள் கடை இயந்திரம் எதையும் தொடவில்லை. கையால் திருப்பும் வீல் ஸ்பேனர்தான். போல்ட்டை ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராகத் தளர்த்திய அழகை நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். டீக்கடையில் கிண்டல் செய்தவரும் வந்து நின்றார். வீலைக் கழற்றிக் கீழே சாய்க்காமல் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். அதே வீலை மறுபடி மாட்டி, முறுக்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது.

"அடுத்த பீரியட் பெல் அடிக்கறதுக்குள்ள முடிச்சிட்டீங்க" என்றார் டீச்சர். "என்னால எறங்கி உக்கார முடியுது. உங்களால மாத்த முடியுது. அப்புறம் எதுக்கு அந்தக் கல்லு டயரு?"

"பாஸா?"

"மூச்சு வாங்குனதுக்கு ரெண்டு மார்க் கட். பாஸ்தான்."

வேலூரில் இருக்கும் மொத்தக் கடைக்கு போன் போட்டார் முதலாளி. அந்த அளவு அங்கே இருந்தது. எந்த வாரம் செய்த டயர் என்று சுவரில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, புதிது என்று உறுதியான பிறகுதான் சரி என்றார். நாலு டயர், ஸ்டெப்னிக்காக ஐந்தாவது ஒன்று. ஐந்தாவதை ரிம்மிலேயே மாட்டி அனுப்பச் சொன்னார். ஞாயிறு மதியம் பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். கண்டக்டர் நம் டிரைவரோடு வேலை பார்த்தவர்.

பௌர்ணமி அன்று நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வேலூர் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தோடு நின்றுவிட்டது. ஆட்டோவும் உள்ளே விடவில்லை. டயர் அங்கே, வண்டி இங்கே ஜாக்கியில். நான், "நாளைக்குக் காலைல எடுத்துக்கலாமா?" என்றேன்.

"நாளைக்குக் காலைல டீச்சர் பிரேயருக்கு நிக்கணும்யா" என்று முதலாளி செருப்பை மாட்டினார்.

மூன்று பேரும் நடந்தே போனோம். கைக்கு ஒன்றாக முதலாளி இரண்டு டயரை உருட்டினார், நான் இரண்டு. டிரைவர் அந்த ஸ்டெப்னியை யாரிடமும் கொடுக்கவில்லை. வெயில் இறங்கியும் தார் சுட்டது. ஊருக்குள் வந்து செங்கம் சாலையில் திரும்பியதும் கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக மாட்டிக்கொண்டோம். முன்னாலும் பின்னாலும் வெறுங்கால்கள். ஒரு கால் மேலும் ஏறிவிடக் கூடாது. நான் தலையைத் தூக்காமல் கால்களைப் பார்த்தபடியே உருட்டினேன். வெட்கத்துக்கும் அது வசதியாக இருந்தது.

"இன்னாபா, டயரும் கிரிவலம் வருதா?" என்று ஒரு பெண் குரல்.

"வேண்டுதல்மா," என்றார் முதலாளி. "கொஞ்சம் வழி விடுங்க, கால பாத்து."

வழி விட்டார்கள். ஒரு பையன் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். டிரைவர் அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

மாட்டி முடித்தோம். பேலன்ஸ், அலைன்மெண்ட் எல்லாம் முதலாளி பக்கத்திலேயே நின்று பார்த்தார். டீச்சர் தடியை ஊன்றி வீட்டிலிருந்து நடந்தே வந்துவிட்டார். சாலையில் கூட்டம், ஓட்டிப் பார்க்க முடியாது. நம் கடை வழக்கப்படி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். டீச்சர் பின்சீட்டில் தலையணையோடு சாய்ந்துகொண்டார். வண்டி மெல்ல நகர்ந்து பழங்கள் நசுங்கின.

முதலாளி ஜன்னலில் குனிந்தார். "தெரிஞ்சுதா டீச்சர்?"

"சத்தம் மட்டும்தான் கேட்டுது" என்றார் டீச்சர். எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கும் செங்கம் வரை போய்த் திரும்புவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை சாலையைத் திறந்துவிட்டார்கள். கருநீல வண்டி கடையைத் தாண்டிப் போனது. டிரைவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அன்று முழுக்க முதலாளி வேலை சொன்னார், வாடிக்கையாளரிடம் பேசினார், ஆனால் செங்கம் பக்கத்திலிருந்து பெரிய வண்டி எது வந்தாலும் கண் அங்கே போனது. என் கண்ணும்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வெகு நேரம் கழித்து வண்டி வந்தது. இவ்வளவு தாமதம் ஏன்? வழியில் நின்றிருக்குமோ? வலி தாங்காமல் நிறுத்தி நிறுத்தி வந்திருப்பார்களோ? வண்டி கடை வாசலில் வந்து, அசைவே தெரியாமல் நின்றது. டிரைவர் இறங்கினார். கதவைச் சாத்தவில்லை, சும்மா சேர்த்து வைத்தார்.

முதலாளி ஓடினார். "இன்னாண்ணா ஆச்சு? பஞ்சரா?"

டிரைவர் உதட்டில் விரலை வைத்தார். பின்கண்ணாடியைக் காட்டினார்.

டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் பரீட்சைப் பேப்பர் கட்டு. கைவிரலில் சாக்பீஸ் பொடி கூடத் துடைக்கவில்லை.

"பாலம் தாண்டினதும் தூங்கிட்டாங்க," என்று கிசுகிசுத்தார் டிரைவர். "அதான் உருட்டிக்கிட்டே வந்தேன். வீட்டுக்குப் போனா எழுப்பணுமே மொதலாளி. கொஞ்ச நேரம் இங்கயே நிறுத்திக்கட்டுமா?"

முதலாளி எங்கள் பக்கம் திரும்பி, கையைக் கீழே அழுத்திக் காட்டினார். எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. போய் கம்ப்ரெஸரை நிறுத்தினேன். கடை திறந்திருக்கும் நேரத்தில் நம் கம்ப்ரெஸர் நின்று நான் கண்டது அன்றுதான். காற்றடிக்க பைக்கில் வந்து நின்றவர்கள் கூட, முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்துக் காத்திருந்தார்கள்.